மஞ்சள் கோட்டின் வயது

என் வீட்டுக்காரருக்குப் பூமி நகர்ந்திருந்தால் சந்தோஷம். எனக்குக் கட்டில் கால் ஆடினாலே எழுந்து அட்டையை மடித்து முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று சொன்ன ஜோசியர் மட்டும் கையில் கிடைத்தால் அவரிடம் கேட்க நிறைய வைத்திருக்கிறேன்.

அவர் பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் நிலவியல் பேராசிரியர். நான் சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெரு ஒன்றில், ஆறு வீடுகள் கொண்ட அப்பார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடியில் இருந்தோம். கீழே தரைத்தளம் முழுக்கத் தூண்கள்தான், வண்டி நிறுத்தும் இடம். 'இருந்தோம்' என்று சொல்லிப் பழகவே எனக்கு வெகுநாள் ஆயிற்று.

லீவு விட்டால் மற்ற புருஷன்மார் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஊட்டிக்கோ குற்றாலத்துக்கோ போவார்கள். இவர் தனியாக வடக்கே மலைக்குக் கிளம்பிவிடுவார். அங்கே ஒரு நிலப்பிளவு இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில், எதிரெதிர் திசையில் நகர்கின்றன. கல்யாணமான புதிதில் இதை எனக்கு விளக்குவதற்காகச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு செய்தித்தாளை ஒட்டினாற்போல வைத்து, இரண்டுக்கும் குறுக்கே ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டார். பிறகு ஒரு தாளை மட்டும் லேசாகத் தள்ளினார். கோடு இரண்டாகி, பாதி இங்கேயும் பாதி அங்கேயும் நின்றது.

"அவ்ளோதான் என் வேலை. கோடு எவ்ளோ விலகிருக்குன்னு அளக்கணும். அந்தக் கோட்டுக்கு என்ன வயசுன்னு கண்டுபிடிக்கணும். தூரத்தை வயசால வகுத்தா வேகம் வந்துடும்."

"இதுக்கா உங்களுக்கு டாக்டர் பட்டம்? எங்க ஏழாங்கிளாஸ் பசங்க போடுவாங்க இந்தக் கணக்கை," என்றேன். சிரித்தார். அப்போதெல்லாம் இதைப் பற்றி எங்களால் சிரிக்க முடிந்தது.

மலையில் யாரும் பேனாவால் கோடு போட்டு வைத்திருப்பதில்லை. அதனால் ஓடைகளைப் பார்ப்பார்கள். நேராக ஓடிவந்த ஓடை, பிளவைத் தாண்டும் இடத்தில் முழங்கை மாதிரி மடங்கியிருந்தால், மடிப்பின் நீளம்தான் பூமி நகர்ந்த தூரம். காலத்தைத் தெரிந்துகொள்ளப் பிளவுக்குக் குறுக்கே ஆளுயரத்துக்கு மேல் பள்ளம் வெட்டுவார்கள். பள்ளத்துச் சுவரில் மண் அடுக்கடுக்காகத் தெரியும். பிளவு எந்த அடுக்கு வரைக்கும் வெட்டியிருக்கிறது, எந்த அடுக்கு அதன்மேல் முழுசாக மூடிக் கிடக்கிறது என்று பார்ப்பார்கள். வெட்டுப்பட்ட அடுக்கு படிந்த பிறகு, வெட்டுப்படாத அடுக்கு படிவதற்கு முன்னால், இடைப்பட்ட ஏதோ ஒரு நாளில் பூமி நகர்ந்திருக்கிறது. அந்த அடுக்குகளிலிருந்து வெளிச்சம் படாமல் மணலை இரும்புக் குழாயில் எடுத்து, சிவப்பு விளக்கு மட்டும் எரியும் அறையில் பிரித்து, அது கடைசியாக வெயில் பட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று வயது பார்ப்பார்கள். கரித்துண்டு கிடைத்தால் அதற்கும் வயது பார்ப்பார்கள்.

"தூரம் பொய் சொல்லாது. காலம்தான் ஏமாத்தும்," என்பார் அடிக்கடி. எப்போதோ எரிந்த மரத்தின் கரி ஒரு வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு நேற்றைய சேற்றில் உட்கார்ந்துவிடுமாம். கரியை நம்பினால் நேற்றைய சேறும் ஆயிரம் வருஷப் பழசு ஆகிவிடும். இதையெல்லாம் நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே 'ம்' கொட்டிக் கேட்டிருக்கிறேன். எனக்கு இருந்த கவலை வேறு. அவர் அந்தப் பள்ளத்துக்குள் நிற்கும் போட்டோக்களை அனுப்புவார். தலைக்கு மேலே மண் சுவர் நிற்கும். ஒரு சாயங்காலம் போன் வரவில்லை என்றால், சுவர் சரிந்து மூடிவிட்டது என்றே முடிவு கட்டி, அவர் குரல் கேட்கும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பேன். பள்ளம் நம் வீட்டுப் பக்கத்திலேயே வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆடி முடிகிற சமயத்தில் பக்கத்து மனையில் ஜேசிபி வந்து நின்றது. ஐந்து மாடிக் கட்டடம் வரப்போகிறது, பூமிக்கு அடியில் கார் பார்க்கிங் என்றார்கள். எங்கள் காம்பவுண்ட் சுவரை ஒட்டியே தோண்டினார்கள். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் சுவருக்கு மேல் எட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் அடி இன்னும் கீழே போயிருக்கும். கரைக்கு ஒரு தடுப்பு கிடையாது. வெறும் களிமண், மழைத்தண்ணீர் வழிந்த கோடுகளோடு.

அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா மேடம், டெய்லி வந்து எட்டிப் பாத்துகினு கீறீங்க. ஒண்ணும் ஆவாது. இத்தைவிட ஆழமா எவ்ளோ தோண்டிக்கீறோம்."

"ஏதாவது ஆனா யாரு பொறுப்பு?" என்றேன்.

"இன்சினியர் வருவாரு, கேளுங்க," என்று திரும்பிக்கொண்டார். இன்ஜினியரை நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

எங்கள் குடியிருப்புக்குச் செயலாளர் முதல் மாடியில் இருந்தவர். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் லாரியா, லிஃப்ட் ரிப்பேரா, எதுவானாலும் அவர் சொன்னதுதான் ஆறு வீட்டுக்கும் சட்டம். நல்ல மனுஷர்தான், அதை மறுக்க மாட்டேன். அவருக்கு ஒரே பெண். பத்தாம் வகுப்பு வரை என்னிடம் கணக்குப் படித்தவள், இப்போது ஐடியில் வேலை செய்கிறாள். எங்கே பார்த்தாலும் இன்னும் என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு இரண்டு மூன்று வரன்கள் தட்டிப்போயிருந்தன. ஒவ்வொரு தடவையும் அவள் அம்மா என் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டு அழுதுவிட்டுப் போவார். அக்கா என்றுதான் அவரை நான் கூப்பிடுவேன்.

ஆவணி கடைசி முகூர்த்தத்தில் மறைமலை நகரிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வருவதாக இருந்தது. என் வீட்டுக்காரர் அப்போது வடக்கே இருந்தார். அன்று காலை கடைக்குப் போய் வந்து என் ஸ்கூட்டரை வழக்கமான இடத்தில் நிறுத்தினேன். கீழ்த்தரையில் காம்பவுண்ட் சுவருக்கு இணையாக நீளமாக ஒரு மஞ்சள் கோடு உண்டு. கோட்டுக்கு இந்தப் பக்கம் கார்கள், அந்தப் பக்கம் சுவர் ஓரமாக டூவீலர்கள். பள்ளம் ஆழமாக ஆக, அந்தக் கோட்டுக்குக் குறுக்கே தரையில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. கோட்டைத் தாண்டியபோது முன் டயரின் பக்கவாட்டில் பிசுக்கென்று மஞ்சள் அப்பிக்கொண்டது. புதுச் செருப்பிலும் பட்டது. எனக்கு வந்ததே கோபம்.

"பெயிண்ட் அடிச்சா ஒரு செங்கல்லாவது வைக்கக் கூடாதா அக்கா? யாரு காலையில இந்த வேலை பாத்தது?"

"கோச்சுக்காத. அவசரத்துல விரிசலை அடைச்சுட்டு அவர்தான் மேல அடிச்சாரு. வர்றவங்க கண்ணுல முதல்ல அந்த விரிசல்தான் படும். வாசல்ல கால் வைக்கும்போதே பிளந்த தரையப் பாத்தா என்ன நினைப்பாங்க, சொல்லு," என்று அக்கா மண்ணெண்ணெயில் நனைத்த துணியோடு ஓடிவந்தார். செருப்பு சுத்தமாயிற்று. டயரை அப்படியே விட்டுவிட்டேன். சாயங்காலம் அவர்கள் வீட்டுக் கேசரியும் பஜ்ஜியும் வந்தன. மாப்பிள்ளை வீட்டுக்குப் பிடித்துப்போயிற்று. நானும் கோபத்தை மறந்தேன்.

புரட்டாசியில் என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். வந்த சில நாளில் செயலாளர் எங்களைத் தேடி மேலே வந்தார். ஐப்பசி பிறந்ததும் நிச்சயதார்த்தம், கீழே பார்க்கிங்கிலேயே பந்தல் போட்டுச் செய்யப் போகிறார்கள். மூன்றாம் மாடிக்காரர்கள் பள்ளத்தையும் விரிசலையும் பற்றிக் கிளப்பிவிட்டார்களாம். "நீங்க பூகம்பம் படிச்சவரு. ஒரு தடவை பாத்து அவங்களுக்குச் சொல்லிடுங்க சார்," என்றார்.

என் வீட்டுக்காரர் கீழே போய் வெகுநேரம் குந்தி உட்கார்ந்து பார்த்தார். நான் அடை ஊற்றிக்கொண்டிருந்தபோது மேலே வந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"பயப்பட வேண்டாம். பழைய விரிசல்," என்றார், தட்டை இழுத்துக்கொண்டே. "ஆனா ரொம்ப சுவாரஸ்யம். நம்ம மலைப்பிளவு மாதிரியே பக்கவாட்டுல நகர்ந்திருக்கு. காம்பவுண்ட் சுவர்ல ஆரம்பிச்சு, அந்த மஞ்சக் கோட்டைக் குறுக்கே வெட்டிட்டு உள்ளே வருது. அடியில இருக்கிற பழைய கோடு ஒரு கட்டைவிரல் அகலம் பள்ளத்துப் பக்கம் தள்ளிப்போயிருக்கு. மேலே இன்னொரு கோடு அடிச்சிருக்காங்க பாரு, அது நேரா இருக்கு. வெட்டுப்படல. அப்போ என்ன அர்த்தம்? மேல் கோடு அடிச்சதுக்கு அப்புறம் நகரவே இல்ல. அது அடிச்சு மூணு வருஷம் ஆச்சு. பள்ளத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

என் கையில் தோசைத் திருப்பி நின்றது. "எந்தக் கோடு மூணு வருஷம்?"

"மேல இருக்கிற மஞ்சக் கோடு. மொத்த பில்டிங்குக்கும் பெயிண்ட் அடிச்சோமே, அப்போ போட்டது. செயலாளரைக் கேட்டேன், அவர்தான் சொன்னார்."

"அவர் தலை," என்றேன். "அது போன மாசம் அடிச்சது. பொண்ணு பாக்க வந்தாங்களே, அன்னைக்குக் காலையில. என் செருப்பெல்லாம் பாழாச்சு."

அவர் அடையைப் பிய்த்த கை அப்படியே நின்றது. "நல்லா ஞாபகம் இருக்கா?"

"நான் போட்ட சத்தம் கேம்ப் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். ஞாபகம் இல்லாமலா?"

"ஆனா பெயிண்ட் மங்கலா, பழசாத்தானே இருக்கு."

"டின்னு பழசு. மூணு வருஷமா அவங்க வீட்டுப் பரண்ல கிடந்த மிச்ச பெயிண்ட்டு. அக்காவே சொன்னாங்க."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். நேற்றைய சேற்றில் ஆயிரம் வருஷத்துக் கரி. அத்தனை வருஷமாக நான் 'ம்' கொட்டிக் கேட்ட கதை அந்தத் தோசைக்கல்லுக்கு முன்னால்தான் எனக்கு முதன்முதலாகப் புரிந்தது. மேல் கோட்டுக்கு மூன்று வருஷம் இல்லை என்றால், அடியிலிருக்கும் கோட்டுக்குத்தான் மூன்று வருஷம். அதற்குப் பிறகுதான் தரை கட்டைவிரல் அகலம் நகர்ந்திருக்கிறது. பள்ளம் தோண்டுவதற்கு முன்னால் அந்தத் தரையில் விரிசலே இல்லை. தினமும் அந்தக் கோட்டைத் தாண்டி வண்டி நிறுத்திய எனக்கு அது தெரியும்.

சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டுக் கீழே ஓடினோம். அவர் தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் புதுக் கோட்டைப் பார்த்தார். நானும் குனிந்தேன். விரிசலில் அடைத்திருந்த பட்டிப் பசையின் மேல் கோட்டின் ஓரம் நகத்தின் தடிமனுக்கு ஒடிந்திருந்தது.

"இதை நான் பிரஷ் நடுங்கின இடம்னு நினைச்சேன்," என்றார்.

"அப்படின்னா?"

"இன்னும் நகருது. விரிசலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தரை, சுவர் எல்லாம் ஒரே துண்டா பள்ளத்துக்குள்ள போய்கிட்டிருக்கு. மழை வேற வரப்போகுது." அந்தத் துண்டின் ஓரத்திலிருந்து மூன்றாவது தூண் ஒரு முழத் தூரத்தில் நின்றது. அந்தத் தூணின் மேலேதான் செயலாளர் வீடு, அதன் மேலே எங்கள் வீடு. நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

செயலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்க வீட்டம்மா வேற எதையோ நினைச்சுக்கிட்டுச் சொல்றாங்க சார். கோடு அப்ப போட்டதுதான்," என்று என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றார், வெளியே வரவில்லை. மற்ற வீட்டுக்காரர்களும், முதலில் கிளப்பிய மூன்றாம் மாடிக்காரர்கள்கூட, அவர் பக்கமே பேசினார்கள். யாருக்கும் பெட்டி கட்ட மனசில்லை. பேராசிரியரே முதலில் பயமில்லை என்றுதானே சொன்னார், பெண்டாட்டி பேச்சைக் கேட்டு மாற்றிவிட்டார் என்று ஒருவர் சொன்னதாகக் காதுக்கு வந்தது.

என் வீட்டுக்காரர் கல்லூரியிலிருந்து மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்று கொண்டுவந்து, விரிசலின் இரண்டு கரையையும் பிடித்தமாதிரி ஒட்டினார். தரை நகர்ந்தால் கண்ணாடி உடையும். மறுநாள் உடைந்து கிடந்தது. யாரோ வண்டி ஏற்றியிருப்பார்கள் என்றார் செயலாளர். அடுத்த கண்ணாடியைச் சுவர் ஓரமாக, வண்டி போகாத இடத்தில் ஒட்டினார். அதுவும் உடைந்தது. பூனை என்றார்கள். பூனை மிதித்துக் கண்ணாடி உடையும் ஊரில் நாம் குடியிருக்கிறோம் என்று நான் கத்தினேன். பயன் இல்லை.

இரவில் தூக்கம் போயிற்று. லாரி போனால் எழுந்து உட்காருவேன். குளியலறைக் கதவு ஒருநாள் சரியாகச் சாத்தவில்லை, தாழ்ப்பாள் ஓட்டையில் இறங்காமல் மாட்டியது. மழையில் மரம் ஊதியிருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன், நம்பவில்லை. "நாம மட்டும் போயிடலாம்," என்றேன் அவரிடம். "நாம போனா மத்தவங்க?" என்றார். "ஞாயித்துக்கிழமை அந்தத் தரை மேல நூறு பேர் உக்காந்து சாப்பிடப் போறாங்க." பள்ளத்துக்காரர்களிடமும் ஆபீஸ்களிலும் அவர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். வந்து பார்க்கிறோம் என்றார்களாம்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் இடம் பார்க்க வந்தார்கள். தூறிக்கொண்டிருந்தது. பந்தல்காரர்கள் கம்பு நட்டு, நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். செயலாளர் கையை நீட்டி, மேடை இங்கே, பந்தி அங்கே என்று காட்டிக்கொண்டிருந்தார். பந்தி என்று அவர் காட்டிய இடம் அந்தத் துண்டுதான். நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். இதைக் கேட்டதும் எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. நேரே போய் என் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து அவர்களுக்கு நடுவில் நிறுத்தினேன்.

"சார், இந்த டயரைப் பாருங்க. மஞ்சப் பெயிண்ட்டு. இந்தக் கோட்டைத் தாண்டினப்போ ஒட்டினது."

"ஆமா டீச்சர், மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒட்டியிருக்கும். இப்ப எதுக்கு இது?" என்றார், சிரித்துக்கொண்டே. கண் மட்டும் கெஞ்சியது.

"இந்த டயர் போன ஆடியில மாத்தினது சார்."

என் வீட்டுக்காரர் என் பின்னால் வந்து நின்றிருந்தார். குனிந்து அந்த டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் பள்ளத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. செயலாளர் காலடியில் அந்தக் கோடு இப்போது டார்ச் இல்லாமலே தெரியும்படி ஒடிந்திருந்தது.

"மிஸ் சொல்றது சரி," என்று ஒரு குரல். அந்தப் பெண் மாடிப்படியில் நின்றிருந்தாள். "நான்தான் பரண்லேர்ந்து டின்னை எடுத்துத் திறந்து குடுத்தேன். அன்னைக்குக் காலையில. நீங்க வர்றதுக்கு முன்னாடி விரிசலை மறைக்கணும்னு அப்பா கேட்டார்." இதை மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "போதும்ப்பா."

மனுஷர் அப்படியே அடுக்கி வைத்த நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. மூன்று வரன் தட்டிப்போன வீடு. நானாக இருந்தால் அந்த டின்னைத் திறந்திருக்க மாட்டேனா என்று எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளையின் அம்மா ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி. கோட்டைக் குனிந்து பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "சார், இது எப்ப விழும்?"

"தெரியாதும்மா. ஆனா ஒரு மாசத்துல இவ்ளோ நகர்ந்திருக்கு, இந்த வாரத்துல அதைவிட அதிகம். இது மெதுவா போய்ட்டே இருந்து திடீர்னு போகும்."

"அப்ப முதல்ல எல்லாரும் ரோட்டுக்கு வாங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்," என்றார் அந்த அம்மாள். செயலாளர் ஒரு மாதமாகத் தடுத்து வைத்ததை அந்த அம்மாளின் வார்த்தை ஒரு நிமிஷத்தில் கரைத்தது. ஆறு வீட்டிலும் கதவு தட்டினோம். இந்தத் தடவை யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மாற்றுத்துணியும் மாத்திரையும் கையில் கிடைத்த நகையும் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் ஆளுக்கொரு சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பினோம். நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் வீட்டுக்குப் போனோம். கிளம்பும்போது ஸ்கூட்டரை எடுக்கலாமா என்று கேட்டேன். "அந்தப் பக்கம் இனிமே காலை வைக்காதே," என்றார் என் வீட்டுக்காரர்.

விடிய விடிய மழை கொட்டியது. காலையில் அவர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். தனியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, குடையை எடுத்துக்கொண்டு கூடவே போனேன். தெருமுனையில் மற்ற வீட்டுக்காரர்கள் சிலரும் நின்றிருந்தார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு உள்ள போயிருக்காரு," என்றார். "பந்தல் கம்பை எடுக்கச் சொல்றேன்னு போனாரு. ஆளுங்க யாரும் வரல. தனியா அவிழ்த்துக்கிட்டிருக்காரு. சொன்னா கேக்கல."

கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தோம். செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நனைந்த கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நின்றது அந்தத் துண்டின் மேல். என் வீட்டுக்காரர் உள்ளே போகக் காலை எடுத்தார். நான் அவர் சட்டையைப் பின்னால் கொத்தாகப் பிடித்தேன். விடவே மாட்டேன் என்று பிடித்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"சார்," என்று அவர் இங்கிருந்தே கூப்பிட்டார். கத்தவில்லை, வகுப்பில் பேசுகிற குரல்தான். "கயித்தை விட்டுட்டு அப்படியே தூண் பக்கம் நடந்து வாங்க. கோட்டைத் தாண்டி வாங்க சார்."

செயலாளர் நிமிர்ந்து பார்த்தார். என்ன நினைத்தாரோ, கயிற்றை விட்டார். விரிசலைத் தாண்டித் தூணிடம் வந்தார். அரிசி மூட்டையைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் காம்பவுண்ட் சுவர் நின்றபடியே நகர்ந்தது. பந்தலும் நாற்காலிகளும் என் ஸ்கூட்டரும் நின்றபடியே அதனோடு பக்கவாட்டில் நகர்ந்தன. பிறகு ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் மழையும் எதிர்க் கரையும் தெரிந்தன. அக்கா என் தோளில் சாய்ந்து, "எல்லாரும் இருக்காங்கல்ல, எல்லாரும் இருக்காங்கல்ல," என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் நின்றவர்களை ஒவ்வொருவராக எண்ணினேன்.

போலீசும் தீயணைப்பு வண்டியும் வந்து, கயிறு கட்டி, கட்டடத்துக்குள் யாரும் போகக் கூடாது என்றார்கள். அந்தக் கட்டடத்துக்குள் நாங்கள் திரும்பக் குடிபோகவில்லை. மழை விட்டதும் அதிகாரி ஒருவர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்து சொல்ல முடியுமா என்று கேட்டார். அவர் எப்போதும் பையில் வைத்திருக்கும் டேப்போடு கயிற்றைத் தாண்டிப் போனார். நான் போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். மஞ்சள் கோடு தூண் பக்கத்திலிருந்து நேராக வந்து, விரிசல் இருந்த இடத்தில் நின்றிருந்தது. அவர் டேப்பின் முனையை அங்கே வைத்துக் குந்தினார்.

செயலாளர் மெதுவாக அவர் பக்கத்தில் போய் நின்றார். வேட்டி முழுக்கச் சேறு.

"இது நான் அடிச்ச கோடு சார்," என்றார். "ஆவணி கடைசி முகூர்த்தத்தன்னைக்கு. எழுதிக்குங்க." பிறகு குனிந்து கையை நீட்டினார். "டேப்போட அந்த முனையை நான் பிடிக்கட்டுமா?"

என் வீட்டுக்காரர் பள்ளத்தைப் பார்த்தார். கீழே சேற்றில் ஒரு ஸ்கூட்டர் சக்கரம் மட்டும் வெளியே தெரிந்தது.

"பிடிக்க அந்தப் பக்கம் இல்லையே சார்," என்றார்.